முழுசாக எடுத்த பிறகும் திரும்பி வரும் கட்டி: மூளைப் புற்றுநோயும் ஸ்டெம் செல்களும்

மூளைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை முடித்து வெளியே வரும் மருத்துவர், "கண்ணுக்குத் தெரிந்தவரை முழுசா எடுத்தாச்சு" என்பார். வீட்டுக்காரர்கள் மனதில் தங்குவது "முழுசா எடுத்தாச்சு" மட்டும்தான். முதல் பாதி அந்த நேரத்து நிம்மதியில் கரைந்துவிடும். அப்புறம் ஆறு வாரம் கதிர்வீச்சு, மாத்திரை, ரத்தப் பரிசோதனை, இடையிடையே ஸ்கேன். ஏழெட்டு மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில், கட்டி இருந்த குழியின் ஓரத்திலேயே மறுபடி ஒரு வெளிச்சப் புள்ளி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார்களே, பிறகு இது எங்கிருந்து வந்தது?

கிளியோபிளாஸ்டோமா என்ற பெயர் நுழைந்த வீடுகளில் எல்லாம் கேட்கப்படும் கேள்வி இது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லப் போனால் ஸ்டெம் செல் பற்றிப் பேசியே ஆக வேண்டும். தமிழில் குருத்தணு, தண்டுச் செல், மூலச் செல் என்று பல பெயர்கள் உண்டு, எல்லாமே நல்ல பெயர்கள்தான். ஆனால் மருத்துவமனையில் காதில் விழுவது ஸ்டெம் செல் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய அறுவை சிகிச்சை. 1928இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த வால்டர் டேண்டி என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், இந்த வகைக் கட்டிக்காகச் சில நோயாளிகளின் வலது பெருமூளைப் பாதியையே அகற்றியதாக எழுதினார். கட்டியைச் சுற்றி ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டிய கதை இல்லை இது. ஒரு பக்கப் பெருமூளையே போய்விட்டது. கட்டியால் அவர்களுக்கு இடது பக்க உடல் ஏற்கெனவே செயலிழந்திருந்தது, இழக்க இனி அதிகமில்லை என்ற நிலையில் செய்த துணிச்சல் அது. அப்படியும் நோய் திரும்பியது. அரை மூளையை எடுத்தும் மீதி எங்கோ இருந்திருக்கிறது என்றால், கத்தியால் மட்டும் தீரக்கூடிய விஷயமில்லை இது என்பது சுமார் நூறு வருடங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

கிளியோபிளாஸ்டோமா பெரியவர்களுக்கு மூளையிலேயே உருவாகும் புற்றுக்கட்டிகளில் அதிகம் காணப்படுவது, மிக வேகமானதும் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நான்காம் தரம், அதற்கு மேல் தரம் கிடையாது. நியூரான் என்ற நரம்புச் செல்களுக்குத் துணையாக இருந்து அவற்றைப் பராமரிக்கும் கிளியா வகைச் செல்களைப் போல இதன் செல்கள் தோற்றமளிப்பதால் இந்தப் பெயர். 2005இல் இருந்து உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே சிகிச்சைதான்: முடிந்தவரை அறுவை, பிறகு 60 கிரே அளவு கதிர்வீச்சை 30 தவணைகளாகப் பிரித்துக் கொடுப்பது, கூடவே டெமோசோலமைட் மாத்திரை. ரோஜர் ஸ்டப் தலைமையில் 573 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அதை நிலைநிறுத்தியது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதங்களைத் தாண்டினார்கள், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் 14.6 மாதங்களைத் தாண்டினார்கள். இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 10.4 சதவீதம், இரண்டாவதில் 26.5 சதவீதம். இரண்டரை மாதம்தானா என்று தோன்றும். ஆனால் இரண்டு வருடக் கணக்கைப் பாருங்கள், அங்கேதான் அந்த மாத்திரையின் மதிப்பு இருக்கிறது. அப்படியும் பெரும்பாலானவர்களுக்குக் கட்டி திரும்பியது, அதுவும் பழைய இடத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தூரத்துக்குள்ளேயே.

ஏன்? எளிய பதில் ஒன்று உண்டு. கட்டியின் ஒரு கன சென்டிமீட்டரில் குறைந்தது பத்து கோடி செல்கள் இருக்கும். 30 கன சென்டிமீட்டர் கட்டி என்றால் 300 கோடி. அதில் 99 சதவீதத்தை எடுத்தாலும் மூன்று கோடி மிச்சம். அந்த மூன்று கோடியும் ஓரிடத்தில் கூட்டமாக நிற்பதில்லை, நரம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டு நல்ல மூளைத் திசுவுக்குள் ஒற்றை ஒற்றையாக ஊர்ந்து போயிருக்கும். எந்த ஸ்கேனுக்கும் அவை தெரியாது. பேச்சையும் கைகாலையும் நினைவையும் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்குள் அவை இருப்பதால், தெரிந்தாலும் வெட்ட முடியாது.

இந்தப் பதில் சரிதான், ஆனால் பாதிதான். மிச்சம் இருந்தவற்றைக் கொல்லத்தானே கதிர்வீச்சும் மாத்திரையும்? பரிசோதனைக்கூடத் தட்டில் வளர்த்தால் இந்தப் புற்றுச் செல்களில் பெரும்பகுதி அவற்றுக்குச் சாகத்தான் செய்கின்றன. நோயாளியின் ஸ்கேனிலும் பல நேரம் கட்டி சுருங்கியோ அசையாமலோ இருந்துவிட்டுத்தான் பிறகு எழுகிறது. ஆக, அடிக்குத் தப்பிய ஏதோ சில செல்கள் இருக்கின்றன, அந்தச் சிலவற்றுக்கு ஒரு முழுக் கட்டியையும் மறுபடி கட்டி எழுப்பும் சாமர்த்தியம் இருக்கிறது. எல்லாப் புற்றுச் செல்லுக்கும் அது இருக்கிறதா, இல்லை குறிப்பிட்ட சிலவற்றுக்கு மட்டுமா? இந்தக் கேள்வியில்தான் ஸ்டெம் செல் உள்ளே வருகிறது.

தோட்டத்தில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேலே தெரியும் தழையை எத்தனை முறை அறுத்தாலும், மருந்தடித்துக் கருக்கினாலும், மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறவரை அது மறுபடி தலை நீட்டும். தழை ஏராளம், ஆனால் தழையால் இன்னொரு கோரையை உண்டாக்க முடியாது. கிழங்கு கொஞ்சம்தான், ஆனால் அதில்தான் செடியின் உயிர்.

நம் உடலின் பல திசுக்களில் அப்படிப்பட்ட கிழங்குகள் உண்டு. ஸ்டெம் செல் என்பதற்கு இரண்டு இலக்கணம்: தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கித் தன் இனத்தைத் தீராமல் வைத்துக்கொள்ள வேண்டும், அதே சமயம் வேறு வேலை பார்க்கும் முதிர்ந்த செல்களையும் பெற்றுத்தர வேண்டும். ரத்தத்திலும் தோலிலும் குடலிலும் இது தினமும் நடக்கிறது. மூளையில் மட்டும் நடக்காது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். வளர்ந்த மூளையில் எதுவும் சாகலாம், எதுவும் புதிதாக முளைக்காது என்ற கருத்தை ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார், அவர் சொன்னதை மறுக்கப் பல பத்தாண்டுகள் யாருக்கும் மனம் வரவில்லை. 1960களில் ஜோசப் ஆல்ட்மன் வளர்ந்த எலி மூளையில் புதிய நியூரான்கள் பிறப்பதைக் காட்டியும் அது அதிகம் கவனிக்கப்படவில்லை. 1992இல் கனடாவின் கால்கரியில் ப்ரென்ட் ரேனால்ட்ஸ், சாமுவேல் வைஸ் இருவரும் வளர்ந்த சுண்டெலி மூளையிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வளர்த்து, அவை உருண்டை உருண்டையாகப் பெருகுவதையும் நியூரான்களாகவும் கிளியா செல்களாகவும் மாறுவதையும் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. மனிதரில் வயதான பின்பு எந்த அளவுக்குப் புது நியூரான்கள் உருவாகின்றன என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளின் சுவரை ஒட்டி ஸ்டெம் செல் தன்மையுள்ள செல்கள் இருக்கின்றன என்பதில் சண்டை இல்லை. அந்தச் சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

புற்றுநோய்க்குள்ளும் இதே மாதிரி ஒரு படிநிலை இருக்கிறது என்பதை முதலில் உறுதியாகக் காட்டியது ரத்தப் புற்றுநோயில். டொரொன்டோவில் ஜான் டிக்கின் குழு 1994இலும் 1997இலும் வெளியிட்ட வேலை அது. நோயாளியின் கோடிக்கணக்கான புற்றுச் செல்களில், எலிக்குள் செலுத்தினால் மறுபடி அதே நோயை உண்டாக்கக்கூடியவை மிகச் சொற்பம் என்று காட்டினார்கள். அதே ஊரில், குழந்தைகள் மருத்துவமனையில் மூளை அறுவை மருத்துவராக இருந்த பீட்டர் டர்க்ஸ், தான் எடுக்கும் கட்டிகளிலும் இதைத் தேடினார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஷீலா சிங் முன்னின்று செய்த சோதனை 2004இல் வெளிவந்தது. கட்டிச் செல்களை இரண்டாகப் பிரித்தார்கள்: மேற்பரப்பில் சிடி133 என்ற புரதம் உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம். நோய் எதிர்ப்பு குறைந்த எலிகளின் மூளைக்குள் செலுத்தினார்கள். புரதம் உள்ளவற்றில் வெறும் 100 செல்கள் போதும், எலியின் மூளையில் கட்டி வளர்ந்தது. வளர்ந்த கட்டி நோயாளியின் கட்டியைப் போலவே இருந்தது, அதிலிருந்து எடுத்து இன்னொரு எலிக்குக் கொடுத்தால் அங்கும் வளர்ந்தது. புரதம் இல்லாதவற்றில் ஒரு லட்சம் செல்களைச் செலுத்தியும் கட்டி வரவில்லை.

100க்கு எதிராக ஒரு லட்சம். இந்த ஒரு ஒப்பீடு எத்தனை ஆய்வுக்கூடங்களின் திசையைத் திருப்பியது என்று சொல்லி மாளாது. நாம் இத்தனை நாளும் தழையைத்தான் அறுத்துக்கொண்டிருந்தோமா என்ற எண்ணம் பரவியது. இனி கிழங்கைத் தோண்டினால் போதும் என்ற நம்பிக்கையும் பிறந்தது.

அந்தச் செல்கள் எப்படித் தப்புகின்றன என்பதற்கும் அடுத்தடுத்து விடை வந்தது. கதிர்வீச்சு கொல்வது டி.என்.ஏ.வை உடைத்துத்தான். உடைந்ததைச் சரிசெய்யும் வரை செல் இரண்டாகப் பிரிந்து பெருகாமல் நிறுத்திவைக்க ஒவ்வொரு செல்லிலும் காவல் ஏற்பாடு உண்டு. 2006இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெரமி ரிச்சின் குழு காட்டியது, கிளியோபிளாஸ்டோமாவின் ஸ்டெம் செல்களில் இந்தக் காவல் மற்றச் செல்களைவிட விழிப்பாக இருக்கிறது, உடைப்பு நேர்ந்ததும் சட்டென்று நின்று பழுதுபார்த்துவிட்டு மறுபடி கிளம்புகின்றன. கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டியில் அவற்றின் பங்கு கூடியே இருந்தது. யோசித்துப் பாருங்கள், நாம் கொடுக்கும் சிகிச்சையே அதற்குத் தாக்குப்பிடிக்கிறவற்றைப் பொறுக்கி எடுத்து விட்டுவைக்கிறது. இதற்காகக் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம், அது தரும் மாதங்கள் உண்மையானவை, அதற்கு ஈடாக வேறொன்று இன்னும் வரவில்லை.

இரண்டாவது வழி, தூக்கம். டெமோசோலமைட் போன்ற மருந்துகள் அதிகம் கடிப்பது பிரிந்துகொண்டிருக்கும் செல்லை. பிரியாமல் சும்மா கிடக்கிற செல்லுக்கு அது பெரிதாக எதுவும் செய்யாது. 2012இல் லூயிஸ் பராடாவின் குழு டெக்சாஸில் செய்த எலிச் சோதனை இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இங்கே செல்லைப் பிரித்தெடுத்து வேறு எலிக்குள் செலுத்தவில்லை, கட்டி வளர்ந்த இடத்திலேயே வைத்துக் கவனித்தார்கள். மெதுவாக இயங்கும் ஸ்டெம் செல் போன்ற ஒரு சிறு கூட்டத்துக்கு மரபணு வழியாக அடையாளம் இட்டுவைத்திருந்தார்கள். டெமோசோலமைட் கொடுத்ததும் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தவை அடங்கின. மருந்தை நிறுத்தியதும் கட்டி மறுபடி எழுந்தது, எழுந்தது அந்த அடையாளமிட்ட கூட்டத்திலிருந்து. அந்தக் கூட்டத்தை மட்டும் கொல்வதற்கு முன்கூட்டியே ஒரு மரபணுப் பொறியும் வைத்திருந்தார்கள், அதை இயக்கியபோது கட்டியின் வளர்ச்சி கணிசமாகத் தடைபட்டது. எலியில் அது முடிந்தது, ஏனென்றால் எலி பிறக்கும்போதே பொறி உள்ளே இருந்தது. மனிதருக்கு அப்படி வைக்க வழியில்லை.

மூன்றாவது, வீடு. இந்தச் செல்கள் இருக்கும் இடமும் தற்செயலானது அல்ல. ரத்தக் குழாய்ச் சுவரை ஒட்டி ஒரு கூட்டம், பிராணவாயு எட்டாத நடுப்பகுதியில் இன்னொரு கூட்டம். பிராணவாயு குறைந்தால் மற்றச் செல்கள் தவிக்கும், இவற்றுக்கோ ஸ்டெம் செல் தன்மை கூடுகிறது. போதாக்குறைக்கு 2010இல் இரண்டு குழுக்கள், கட்டியின் ரத்தக் குழாய் உட்சுவரிலேயே புற்றுச் செல்லின் மரபணுப் பிழைகளைக் கொண்ட செல்கள் இருப்பதாகச் சொன்னார்கள். அதாவது கட்டி தனக்கு வேண்டிய குழாயின் ஒரு பகுதியைத் தானே செய்துகொள்கிறது. 2013இல் வேறொரு குழு, உட்சுவரைவிட அதைச் சுற்றித் தாங்கும் பெரிசைட் செல்களாகத்தான் அதிகம் மாறுகின்றன என்று திருத்தியது. எது எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கட்டும். ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்தைப் புதிய நோயாளிகளிடம் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014இல் வெளியானபோது, ஸ்கேனில் கட்டி வளர்வது தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை.

சரி, இந்தச் செல்கள் எங்கிருந்து வந்தன? மூளையில் ஏற்கெனவே இருந்த நல்ல ஸ்டெம் செல்தான் கெட்டுப்போனதா? இந்த இடத்தில் பலரும் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன். புற்று முதன்முதலில் தொடங்கிய செல் ஒன்று. இன்றைக்குக் கட்டியைத் தாங்கிப் பிடித்து மறுபடி வளர்க்கும் செல் வேறொன்று. முன்னது கதையின் தொடக்கம், பின்னது இன்றைய நிலவரம். இரண்டும் ஒரே வம்சமாக இருக்கலாம், இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

தொடக்கத்தைப் பற்றி ஒரு வலுவான தடயம் 2018இல் தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்திலிருந்து வந்தது. நோயாளிகளின் கட்டியிலிருந்து மட்டுமல்லாமல், கட்டியிலிருந்து தள்ளி இருக்கும் அறைச் சுவர்ப் பகுதியிலிருந்தும் திசு எடுத்துப் பார்த்தார்கள். நான் நினைவில் வைக்கச் சொன்ன அதே சுவர். பார்ப்பதற்கு அங்கே நல்ல திசுதான், கட்டி இல்லை. ஆனால் ஐடிஎச் மரபணு மாறாத, அதாவது இன்றைய வரையறைப்படி கிளியோபிளாஸ்டோமா உள்ள நோயாளிகளில் 56.3 சதவீதத்தினரின் சுவர்ப் பகுதியில், கட்டியில் இருக்கும் முக்கிய மரபணுப் பிழைகளில் சில சன்னமாக இருந்தன. பிழை ஏறிய செல் அங்கிருந்து நகர்ந்து வேறிடத்தில் கட்டியாகிறது என்பதை எலியிலும் செய்து காட்டினார்கள். கட்டி நெற்றிப் பக்கம் இருக்கலாம், விதை விழுந்தது உள்ளே எங்கோ இருக்கலாம்.

ஆனால் அது ஒன்றே வழி என்று முடித்துவிட முடியாது. 2012இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் இந்தர் வர்மாவின் குழு, எலி மூளையின் முதிர்ந்த நியூரானுக்குள்ளும் ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா வகைச் செல்லுக்குள்ளும் குறிப்பிட்ட மரபணுச் சேதத்தை உண்டாக்கினால், அவை தம் முதிர்ச்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டெம் செல் போல மாறிக் கட்டியாவதைக் காட்டியது. நியூரான் பிரியவே பிரியாது என்று படித்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியான விஷயம்தான்.

கோரைக் கிழங்கு உவமை இங்கேதான் கையைவிட்டுப் போகிறது. தழை கிழங்காக மாறாது என்ற நம்பிக்கையில் நிற்பது அந்த உவமை. மூளைக் கட்டியில் தழையும் கிழங்காகிறது.

விரிசல் முதலில் தெரிந்தது சிடி133 விஷயத்தில். அந்தப் புரதம் இல்லாத செல்களிலிருந்தும் கட்டி வளர்வதைச் சில குழுக்கள் காட்டின. சில நோயாளிகளின் கட்டியில் அந்தப் புரதமே காணோம், ஆனாலும் கட்டி கட்டிதான். இன்னொரு பக்கம் 2008இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் வந்த ஒரு முடிவு எல்லோரையும் யோசிக்க வைத்தது: நோய் எதிர்ப்பை இன்னும் முழுமையாக நீக்கிய எலிகளைப் பயன்படுத்தினால், நான்கில் ஒரு புற்றுச் செல்லால் கட்டி உண்டாக்க முடிந்தது. அப்படியானால் அபூர்வமாக இருந்தது அந்தச் செல்லா, இல்லை அதை ஏற்றுக்கொள்ளும் எலியா? இந்தக் கேள்வி மூளைக் கட்டி ஆய்வுக்கும் பொருந்தும்.

2014இல் மாரியோ சுவா, பிராட்லி பெர்ன்ஸ்டைன் குழு இன்னும் ஆழமாகப் போனது. முதிர்ந்துவிட்ட, கட்டி உண்டாக்க வலுவில்லாத கிளியோபிளாஸ்டோமா செல்லை எடுத்துக்கொண்டார்கள். எந்த மரபணு பேசலாம், எது வாய்மூட வேண்டும் என்று முடிவு செய்யும் புரதங்களில் நான்கை மட்டும் அதற்குள் தூண்டிவிட்டார்கள். அது ஸ்டெம் செல்லாகிவிட்டது, எலியில் கட்டியும் வளர்த்தது. மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாற வேண்டியிருக்கவில்லை, அதைப் படிக்கும் விதம் மாறினால் போதுமாக இருந்தது. 2019இல் சுவாவும் இடாய் திரோஷும் சேர்ந்து, கட்டிகளை ஒற்றை ஒற்றைச் செல்லாகப் பிரித்துப் படித்த முடிவை வெளியிட்டார்கள். ஒரே கட்டிக்குள் செல்கள் நான்கு விதமான நிலைகளில் இருக்கின்றன: மூன்று நிலைகள் வளரும் மூளையில் காணும் செல் வகைகளைப் போல, நான்காவது காயத்துக்கும் பிராணவாயுக் குறைவுக்கும் பதில் சொல்லும் இணைப்புத் திசு போன்றது. ஒரு நிலையில் இருக்கும் செல்லைத் தனியாக எடுத்து எலிக்குள் வைத்தால், சில காலத்தில் அங்கே மற்ற நிலைகளும் வந்துவிடுகின்றன.

எனக்கு இதைப் படிக்கும்போது ஆலமரம்தான் நினைவுக்கு வருகிறது. கிளையிலிருந்து இறங்கும் விழுது, தரையைத் தொட்டுவிட்டால் இன்னொரு அடிமரம். எது தாய்மரம் என்று தேடி வெட்டினாலும் விழுதுகளின் மேல் ஆல் நிற்கும். கிளியோபிளாஸ்டோமாவில் ஸ்டெம் செல் என்பது பெரும்பாலும் ஒரு நிலை, தேவைப்படும்போது ஏறிக்கொள்ளக்கூடிய நிலை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். தனி ஒரு சாதிச் செல் என்று எடுத்துக்கொண்டு, அதைக் கொன்றால் நோய் தீரும் என்று கணக்குப் போட்ட மருந்துகள் ஏன் தடுமாறின என்பது அப்போது விளங்கும். இன்றைக்கு இருக்கும் ஸ்டெம் செல்கள் அத்தனையையும் அழித்தாலும், மிச்சமிருப்பவற்றில் சில நாளைக்கு அந்த இடத்துக்கு ஏறிவரும். 2004இன் சோதனை பொய் என்று இதற்குப் பொருளில்லை. எந்த நேரத்திலும் எல்லாச் செல்லும் சமமில்லை என்று அது சொன்னது இன்றும் நிற்கிறது, நிலையான எல்லைக்கோடு என்று நாம் சேர்த்துக்கொண்டதுதான் நிற்கவில்லை.

குழந்தைகளின் கட்டிகளில் கதை சற்று வேறு. மெடுலோபிளாஸ்டோமாவின் ஒரு பெரும் பிரிவு, சிறுமூளை உருவாகும்போது வேகமாகப் பெருகும் இளம் முன்னோடிச் செல்கள் நிற்க மறந்துவிடுவதால் வருகிறது. மூளைத் தண்டில் வரும் கொடிய கட்டி ஒன்றில், டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒரே ஓர் எழுத்துப் பிழை இருப்பது 2012இல் தெரிந்தது. அந்தப் பிழை செல்லை முதிரவிடாமல் பாதியிலேயே உறைய வைத்துவிடுகிறது. வளர்ச்சி தடம் மாறிப்போன நோய்கள் இவை, அந்த வளர்ச்சி நடக்கும் வயதில்தான் வருகின்றன.

அப்படியானால் சிகிச்சைக்கு என்ன வழி? கொல்வதற்குப் பதிலாக முதிரச் செய்வது ஒரு யோசனை. இது வெறும் ஆசை இல்லை, ரத்தப் புற்றுநோயின் ஒரு வகையில் நடந்திருக்கிறது: 1980களில் ஷாங்காய் மருத்துவர்கள் வைட்டமின் ஏ சார்ந்த ஒரு மருந்தைக் கொடுத்து, முதிராமல் நின்ற புற்றுச் செல்களை முதிரவைத்தார்கள். பிற்பாடு ஆர்செனிக்கும் சேர்ந்து, மிகவும் பயப்பட்ட அந்த நோய் இன்று பெரும்பாலும் குணமாகும் நோயாகிவிட்டது. அதே எண்ணத்தில் 2006இல் இத்தாலியின் ஆஞ்செலோ வெஸ்கோவி குழு, பிஎம்பி4 என்ற புரதத்தால் கிளியோபிளாஸ்டோமா ஸ்டெம் செல்களை முதிர்ச்சிப் பக்கம் தள்ள முடிந்ததை எலிகளில் காட்டியது. சிக்கல் என்னவென்றால், முதிர்ந்தது மறுபடி இளமைக்குத் திரும்பும் என்பதை மேலே பார்த்தோம். முதிரவைப்பதோடு திரும்பும் கதவையும் பூட்ட வேண்டும்.

இன்னொரு வழி, செல்லை விட்டுவிட்டு அது கேட்டுக்கொண்டிருக்கும் குரலை நிறுத்துவது. 2019இல் ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜேயின் குழுவும் ஜெர்மனியின் ஹைடல்பர்க் குழுவும் ஒரே சமயத்தில் வெளியிட்ட முடிவைப் படித்தபோது உண்மையிலேயே தூக்கிவாரிப்போட்டது: நல்ல நியூரான்கள் தமக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் சினாப்ஸ் இணைப்பை இந்தப் புற்றுச் செல்களோடும் போட்டுக்கொள்கின்றன, நியூரான் அனுப்பும் மின் செய்தி புற்றை வளர்க்கிறது. நாம் நினைப்பதும் பேசுவதும் நடக்கும் அதே கம்பியில் கட்டிக்குத் தீனி போகிறது. வளரும் மூளையில் இளம் முன்னோடிச் செல்கள் நியூரானின் செய்தியைக் கேட்டு வளர்வது இயல்பு, அந்தப் பழக்கத்தைத்தான் புற்றும் கடன் வாங்கியிருக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளை இதற்குப் பயன்படுத்த முடியுமா என்று இப்போது நோயாளிகளிடம் பார்க்கிறார்கள்.

நோய் எதிர்ப்பு செல்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பும் கார்-டி முறையும் வந்திருக்கிறது. 2024இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை மூன்று நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், மூளை நீருக்குள் ஒரே ஒரு முறை செலுத்திய சில நாட்களிலேயே கட்டிகள் கண்கூடாகச் சுருங்கின. மூவரில் இருவருக்கு அது நிலைக்கவில்லை. ஆனாலும் இதை நான் சிறிதாக நினைக்கவில்லை. பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாத மூளையின் தடுப்பைத் தாண்டி, நாட்கணக்கில் கட்டி கரைந்ததைப் பார்க்க முடிகிறது என்பது இருபது வருடம் முன்பு கற்பனை. புற்றுச் செல்லின் மேலுள்ள ஒரே அடையாளக் குறியைத் தேடிப்போகும் செல், அந்தக் குறியைக் கழற்றிப்போடும் புற்றிடம் தோற்கும் என்பதால் இரண்டு மூன்று குறிகளை ஒன்றாகத் தேடும்படி இப்போது வடிவமைக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஸ்டெம் செல் என்ற சொல் இணையத்தில் இரண்டு வேறு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, இவ்வளவு நேரம் பேசிய, கட்டிக்குள் இருக்கும் ஸ்டெம் செல். மற்றது, எந்த நோய்க்கும் ஸ்டெம் செல் சிகிச்சை என்று வரும் விளம்பரம். மூளைக் கட்டி வந்த குடும்பம் பதற்றத்தில் தேடும்போது இரண்டாவதுதான் முதலில் கண்ணில் படும். கிளியோபிளாஸ்டோமாவைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இன்று கிடையாது. நரம்பு ஸ்டெம் செல்கள் கட்டியைத் தேடி ஊர்ந்து போகும் குணம் உள்ளவை என்பது 2000இல் கரென் அபூடி குழு எலிகளில் காட்டிய உண்மை, அவற்றை மருந்து சுமக்கும் வண்டியாக்கிப் பார்க்கும் ஆரம்பகட்ட மனிதச் சோதனைகளும் நடந்திருக்கின்றன. அவை ஆய்வுகள், கட்டுப்பாட்டோடு நடப்பவை.

கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்பதற்கு 2009இல் மருத்துவ இதழில் பதிவான ஒரு சிறுவனின் கதை இருக்கிறது. அவனுக்கு வேறொரு பரம்பரை நரம்பு நோய். மாஸ்கோவில், கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை அவன் மூளையிலும் தண்டுவட நீரிலும் ஓரிரு வருட இடைவெளிகளில் செலுத்தினார்கள். முதல் ஊசி போட்ட நான்கு வருடத்தில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். எடுத்து மரபணுப் பரிசோதனை செய்தபோது அந்தக் கட்டி அவனுடைய செல்லிலிருந்து வரவில்லை, கொடையாக வந்த செல்லிலிருந்து வளர்ந்திருந்தது. நல்லவேளையாக அது மெதுவாக வளரும் வகை. ஆனால் தன்னைத் தீராமல் பெருக்கிக்கொள்ளும் ஒரு செல்லை மூளைக்குள் விடுவது என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

யாராவது உங்களிடம் அப்படி ஒரு சிகிச்சையைச் சொன்னால் நேராகக் கேளுங்கள்: என்ன செல், யாரிடமிருந்து எடுத்தது, அரசுப் பதிவேட்டில் பதிவான மருத்துவச் சோதனையா, பதிவு எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, இதற்கு முன்பு பெற்றவர்களுக்கு என்ன ஆனது, அது எங்கே வெளியாகியிருக்கிறது. பதில்களை எழுதி வாங்கிக்கொண்டு போய், உங்கள் நோயாளியைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கட்டித் திசுவில் ஐடிஎச், எம்ஜிஎம்டி என்ற மரபணுக்களின் பரிசோதனைகள் செய்தாயிற்றா, மிச்சத் திசு பாதுகாப்பாக இருக்கிறதா. டெமோசோலமைட் எவ்வளவு வேலை செய்யும் என்று கணிக்க எம்ஜிஎம்டி முடிவு உதவும். நாளைக்குச் சரியான ஒரு மருத்துவச் சோதனை திறந்தால், அதில் சேர அந்தத் திசுதான் முதலில் கேட்கப்படும்.